கோணல் வீடு விழாது, ஈரம் ஏறினால்தான் வம்பு

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக்கில் பழைய வீடுகளைப் பரிசோதித்து அறிக்கை கொடுப்பது என் தொழில். லாவன்ஹாம் கிராமத்தில் வீடு வாங்க வந்த ஒரு தமிழ்க் குடும்பம் வாசலில் நின்றபடியே கேட்டது: "சார், இது விழுந்துடாதா?" மாடி தெருப்பக்கம் சாய்ந்திருந்தது. ஜன்னல் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பயம் நியாயம்தான்.

ஆனால் அந்தக் கோணலுக்கு வயது 500. அந்தக் காலத் தச்சர்கள் ஓக் மரத்தைக் காயவிடாமல் பச்சையாகவே அறுத்து, சட்டம் பூட்டி, மர ஆப்பு அடித்தார்கள். நின்ற இடத்திலேயே மரம் காய்ந்து முறுக்கிக்கொண்டது. பூட்டு இன்னும் இறுக்கமானது.

இத்தனை வீடுகள் எழுந்தது கம்பளியால். 1257-இல் சந்தை நடத்த உரிமை பெற்ற ஊர், நீலச் சாயம் போட்ட கனத்த கம்பளித் துணியால் கொழித்தது. 1524 வரிக் கணக்கில் இங்கிலாந்தின் பணக்கார ஊர்கள் இருபதில் இதுவும் ஒன்று. 1523-இல் இறந்த தாமஸ் ஸ்பிரிங் என்ற துணி வணிகரைப் போன்றவர்களின் பணத்தில்தான் தேவாலயத்தின் 141 அடிக் கோபுரம் எழுந்தது.

அப்புறம் சரிவு. பக்கத்துக் கோல்செஸ்டரில் குடியேறிய டச்சு அகதிகள் மெல்லிய, மலிவான துணி நெய்தார்கள். லாவன்ஹாமின் கனத்த துணியை வாங்க ஆளில்லை. பணக்கார வணிகர்கள் சேர்ந்த ஒரு சமயச் சங்கம் கட்டிய கில்டுஹால் என்ற மண்டபம் பின்னாளில் சிறைச்சாலையாகவும் ஏழைகள் விடுதியாகவும் ஆனது. கையில் காசில்லாததால் வீடுகளை இடித்துக் கட்டவும் யாராலும் முடியவில்லை. கொஞ்சம் வசதியிருந்தவர்கள் முகப்பை மட்டும் செங்கல்லாலோ காரையாலோ மூடிக்கொண்டார்கள். 1865-இல் ரயில் வந்தது, 1961-இல் பயணிகள் ரயில் நின்றும் போனது. இன்று ஏறத்தாழ 1,700 பேர் வாழும் கிராமம். வறுமை காப்பாற்றிக் கொடுத்ததைச் சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கிறார்கள்!

சரி, ஆபத்து எங்கே? சிமெண்டில்.

இந்தச் சுவர்களில் சட்டங்களுக்கு நடுவே இருப்பது குச்சிப் படலும் வைக்கோல் கலந்த களிமண்ணும்தான். மேலே சுண்ணாம்புப் பூச்சு. மழையில் கொஞ்சம் நனையும், காற்றில் உலரும். 20ஆம் நூற்றாண்டில் பலர் "உறுதியாக இருக்கட்டும்" என்று அதன்மேல் சிமெண்ட் பூசினார்கள். மரம் அசையும், சிமெண்ட் அசையாது. அதனால் மயிரிழை விரிசல் விழும். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லாமல், கீழே இறங்கி அடிச்சட்டத்தில் தங்கிவிடும்.

அந்த வீட்டிலும் அதுதான். முன்பக்கச் சுவர் நேர்த்தியாக, புதுப் பெயிண்டோடு இருந்தது. கைவிரலால் தட்டினேன், சில இடங்களில் பானையைத் தட்டுவதுபோல் பொத்தென்றது. தரையோரம் பூச்சு உதிர்ந்திருந்த ஓரிடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால், அல்வாவுக்குள் இறங்குவதுபோல் இரண்டு அங்குலம் போனது. வாங்க வந்தவர்கள் பயந்த சாய்வு மாடியில் சட்டங்கள் இரும்புபோல இருந்தன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட வீடுகள் பல பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் உள்ளவை. அனுமதியில்லாமல் அவற்றின் தன்மையை மாற்றுவது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பழைய உரிமையாளர் செய்துவிட்டுப் போன வேலையைச் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ், வாங்கியவர் பெயருக்கே வரலாம். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்னால் அனுமதிக் கடிதங்களைக் கேட்டு வாங்குங்கள். பழைய கட்டடம் தெரிந்த ஆளையே ஆய்வுக்குக் கூப்பிடுங்கள். சாதாரண ஈரமானியைச் சுவரில் குத்திப் பார்த்து, ஈரத்தைத் தடுக்கச் சுவருக்குள் ரசாயனம் ஏற்றச் சொல்பவரை நம்பிவிடாதீர்கள்.

சிமெண்டை உரித்து, அடிச்சட்டத்தில் கெட்ட பகுதியை மட்டும் அறுத்துப் புது ஓக் சேர்த்து, மறுபடி சுண்ணாம்பு பூச வேண்டும் என்றேன். சில வருடங்களுக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றதும் கணவர் முகம் சுளித்தார்.

மனைவிதான் கேட்டார்: "எங்க பாட்டி வீட்டுல பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பாங்களே, அது மாதிரியா சார்?"

அதேதான் என்றேன்.