டார்ச்சர்: சித்திரவதையா, வதையா?

2010-இல் ‘அன்திங்கபிள்’ என்றொரு அமெரிக்கப் படம் வந்தது. மூன்று நகரங்களில் அணுகுண்டு வைத்திருப்பதாகச் சொல்லும் ஒருவன் பிடிபடுகிறான். அவன் வாயிலிருந்து இடத்தைக் கறக்க எச் என்பவரை (சாமுவேல் எல். ஜாக்சன்) கூட்டி வருகிறார்கள், அவர் ஆரம்பத்திலேயே அவன் விரலை வெட்டிவிடுகிறார். படத்தைப் பற்றி நான் பேசிய நண்பர்களில் சிலர் “அத்தனை உயிர் போகப்போகுது, ஒரு விரல் என்ன பெரிசு” என்றார்கள், சிலர் பாதியிலேயே எழுந்துவிட்டார்கள். முதல் தரப்பு அதை விசாரணை என்றது, இரண்டாம் தரப்பு டார்ச்சர் என்றது. சண்டையே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

டார்ச்சருக்கு வேர் லத்தீன். ‘டார்க்வேரே’ என்றால் முறுக்குதல், திருகுதல். பைக் ஓட்டுபவர்கள் எஞ்சினில் நல்ல டார்க் இருக்கு என்கிறார்களே, அதுவும் இதே வேர்தான். கையையும் காலையும் கயிற்றால் இழுத்துத் திருகியதிலிருந்து வந்த பெயர் இது. ஐ.நா.வின் 1984 உடன்படிக்கை இதற்குச் சட்டப் பொருள் தருகிறது: தகவலோ வாக்குமூலமோ வாங்க, தண்டிக்க, மிரட்ட என்று வேண்டுமென்றே கடும் வலியை, உடலுக்கோ மனதுக்கோ, ஓர் அதிகாரியே தருவது அல்லது அவர் சம்மதத்தோடு தரப்படுவது. ஆனால் 2002 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகக் குறிப்பு ஒன்று, உறுப்பு செயலிழக்கும்போதோ சாகும்போதோ வருகிற அளவு வலி இருந்தால்தான் உடல்ரீதியான டார்ச்சர் என்று வரம்பை உயர்த்திவிட்டது. பொருளை இப்படிக் குறுக்கிவிட்டால் பாதிக் கொடுமை கணக்கிலேயே வராது.

தமிழில் நாம் சித்திரவதை என்கிறோம். இது வடமொழி வழி வந்த சொல், இதில் வரும் சித்திரத்துக்கும் ஓவியத்துக்கும் தொடர்பில்லை, பலவிதமான என்று பொருள். அர்த்தசாஸ்திரம் கொலைத் தண்டனையை சுத்தம், சித்திரம் என்று இரண்டாகப் பிரிக்கிறது: வதைக்காமல் கொல்வது சுத்தம், வதைத்துக் கொல்வது சித்திரம். அதாவது முதலில் இது சாகடிக்கும் முறையின் பெயர், உண்மையை வரவழைக்கும் வழியின் பெயர் இல்லை. வதை என்பதற்கும் கொலைதான் மூலப்பொருள், பசுவதையில் இன்னும் அதுதான் நிற்கிறது. பிராணிகள் வதைத் தடுப்பு என்னும்போது மட்டும் கொடுமை என்று ஆகிவிட்டது.

சரி, தனித்தமிழில்? இருக்கிறது. “கொலைமேற்கொண் டாரிற் கொடிதே அலைமேற்கொண்டு அல்லவை செய்தொழுகும் வேந்து” என்கிறார் வள்ளுவர். அலைத்தல் என்றால் வருத்துதல். கொலையையே தொழிலாகக் கொண்டவனைவிட, குடிகளை அலைக்கும் அரசன் கொடியவன் என்கிறார், ஐ.நா. சொன்ன அந்த ‘அதிகாரி’ இங்கே வேந்தனாக நிற்கிறான். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் இன்று அலைக்கழித்தான் என்றால் தாலுகா ஆபீசுக்குப் பத்து தடவை நடக்கவிட்டான் என்றுதான் புரியும், அந்தச் சொல்லின் பழைய கனம் போய்விட்டது. துன்புறுத்தல் என்பதும் இந்த இடத்துக்குப் போதாது.

படத்துக்கு இரண்டு முடிவுகள் உண்டு. நீண்ட வடிவத்தில் யாரும் தேடாத நான்காவது குண்டின் கடிகாரம் சுழியத்துக்கு வருகிறது, அதைப் பார்த்தவர்கள் எச் பக்கம் சாய்வது புரிகிறது. ஆனால் அதற்கு முன்பே அவர் அவன் மனைவியை அவன் கண்முன்னே கொன்றிருக்கிறார், பிள்ளைகளையும் அறைக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். அதை நான் விசாரணை என்று எழுத மாட்டேன்.

என் தேர்வு ‘வதை’. சின்னச் சொல், எல்லாருக்கும் புரியும், வதைத்தான், வதைபட்டான் என்று வினையாகவும் வளையும். சித்திரவதை என்று எழுதினாலும் தவறில்லை. மேனேஜர் ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணுவதற்கு மட்டும் இரண்டும் வேண்டாம், அதற்குத் தொல்லை இருக்கிறது, இம்சை இருக்கிறது.