உயிருள்ள செல்லில் ஆர்.என்.ஏ. சாயம்: படத்தை நம்பும் முன்

சாயமிட்ட செல்லின் உட்கருவில், ரைபோசோம் ஆர்.என்.ஏ. உருவாகும் பகுதியான நியூக்ளியோலஸ் பச்சையாக ஒளிர்ந்ததும் "ஆர்.என்.ஏ. தெரிகிறது" என்று படத்தின் கீழ் எழுதிவிடாதீர்கள். தியாசோல் ஆரஞ்சு போன்ற சயனின் சாயங்கள் கரைசலில் தனித்திருக்கும்போது நடுப் பிணைப்பில் திருகி, வாங்கிய ஒளியாற்றலை வெப்பமாக இழக்கின்றன. நியூக்ளிக் அமிலத்தில் செருகிக்கொண்டால் திருகல் நின்று ஒளிர்வு வரும். அந்தத் திருகலை டி.என்.ஏ.வும் நிறுத்தும், பிசுபிசுப்பான சூழலும் நிறுத்தும். நேர்மின்னூட்டம் இருப்பதால் சாயம் மைட்டோகாண்ட்ரியாவிலும் சேரலாம்.

உயிருள்ள செல்லில் ஆர்.என்.ஏ.வைப் பச்சையாகக் காட்டும் சைட்டோ ஆர்என்ஏசெலக்ட் (SYTO RNASelect) சாயத்துக்கு வழக்கமான அளவு 500 நானோமோலார். 5 மில்லிமோலார் மூலக் கரைசலை ஒரே தாவலில் பத்தாயிரம் மடங்கு நீர்க்காமல், முதலில் 5 மைக்ரோமோலார், பிறகு பத்து மடங்கு என்று இறக்குங்கள். பிப்பெட் பிழை குறையும். 37 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம், அலசல், புதிய வளர்ப்பு ஊடகத்தில் 5 நிமிடம். ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டி இல்லாத ஊடகமே நல்லது, பின்னணி வெளிச்சம் குறையும். ஜி.எஃப்.பி. என்ற பச்சை ஒளிர் புரதம் உள்ள செல்களில் இந்தச் சாயம் வேண்டாம். இரண்டும் ஒரே வடிகட்டியில் வந்து விழும்.

உண்மையான சோதனை நொதியில் இருக்கிறது. ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதியான ஆர்.என்.ஏஸ் உயிருள்ள செல்லுக்குள் தானாகப் போகாது. மைனஸ் 20 டிகிரி மெத்தனாலில் 10 நிமிடம் நிலைப்படுத்தி, சவ்வில் துளை விழுந்த பிறகே கொடுக்க வேண்டும். ஒரு தட்டில் ஆர்.என்.ஏஸ் ஏ, இன்னொன்றில் டி.என்.ஏ.வை வெட்டும் டி.என்.ஏஸ் I (மக்னீசியம் கலந்து), மூன்றாவதில் நொதி இல்லாத வெறும் பஃபர் கரைசல். பலரும் விட்டுவிடுவது இந்த மூன்றாவதைத்தான். துளைபட்ட செல்லிலிருந்து ஆர்.என்.ஏ. தானாகவும் கசியும்; பஃபர் தட்டு இல்லையென்றால் அந்த இழப்பும் நொதியின் கணக்கில் சேர்ந்துவிடும். ஆர்.என்.ஏஸில் டி.என்.ஏஸ் கலப்பு இருக்கக்கூடும், கொதிக்கவைத்து அந்தக் கலப்பைச் செயலிழக்கச் செய்து பயன்படுத்துங்கள். லேசர் வலிமை, கெயின் (சிக்னல் பெருக்கம்), பதிவு நேரம் மூன்று தட்டுக்கும் ஒன்றே. ஒளிர்வு ஆர்.என்.ஏஸில் அணைந்து, டி.என்.ஏஸிலும் பஃபரிலும் நிலைத்தால்தான் அது ஆர்.என்.ஏ.

அப்போதும் அது எந்த ஆர்.என்.ஏ.? செல்லின் மொத்த ஆர்.என்.ஏ.வில் சுமார் 80 சதவீதம் ரைபோசோம் ஆர்.என்.ஏ. ஒரு குறிப்பிட்ட எம்.ஆர்.என்.ஏ.வைத் தேடுபவருக்கு இந்தச் சாயம் பயன்படாது. தியாகியும் கிரேமரும் 1996-இல் அறிமுகப்படுத்திய மாலிக்யூலர் பீக்கன் அதற்கான வழிகளில் ஒன்று: இலக்கு வரிசையோடு இணையும் நியூக்ளிக் அமிலத் துண்டு, கொண்டை ஊசி வடிவம், ஒரு முனையில் ஒளிரி, மறுமுனையில் அணைப்பான். இலக்கோடு இணைந்தால் விரிந்து ஒளிரும். செல்லின் நியூக்ளியேஸ் நொதிகள் வெட்டினாலும் அதேபோல ஒளிரும் என்பதுதான் சிக்கல். எனவே அந்த நொதிகள் எளிதில் வெட்டாத 2'-ஓ-மெத்தில் முதுகெலும்பில் செய்து வாங்குங்கள். செல்லில் இலக்கே இல்லாத வரிசையில் அதே ஒளிரியோடு இன்னொரு பீக்கனையும் தனித்தட்டில் ஓட்டுங்கள்.