ஒரே எழுத்தில் ஒளிந்திருந்த தாளம்

1198-இல் பாரிஸ் ஆயர் ஓடோ த சுல்லி ஓர் ஆணை போட்டார். ஜனவரி முதல் தேதி தேவாலயத்தில் நடந்துவந்த கூத்தும் கும்மாளமும் இனி வேண்டாம், வழிபாட்டை ஒழுங்காக நடத்துங்கள், சில பாடல்களை மூன்று, நான்கு குரல்களில் பாடலாம் என்றது அது. அந்தத் திருநாளில் பாடப்பட்ட ஒரு பாடல் 'விதெருந்த் ஓம்னெஸ்'. அந்த லத்தீன் பாடலை நான்கு குரலுக்கு விரித்தவர் பெரோத்தின் என்ற இசையமைப்பாளர். அவரைப் பற்றித் தெரிந்ததே கொஞ்சம்தான். பல பத்தாண்டுகள் கழித்து, பெயர் தெரியாத ஒருவர் எழுதிவைத்த குறிப்பு இல்லையென்றால் அதுவும் கிடைத்திருக்காது.

கீழ்க்குரல் பழைய வழிபாட்டு மெட்டின் ஒரே சுவரத்தைப் பிடித்துக்கொண்டு தம்புரா போல நிற்கும். மேலே மூன்று குரல்கள் துள்ளி ஓடும். 'வி' என்ற முதல் எழுத்தைத் தாண்டவே அரை நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். குரல்கள் கூடுகிற முக்கியமான இடங்களில் பெரும்பாலும் ச-ப அல்லது ச-மேல் ச. அதிர்வெண்கள் 2:3, 1:2 என்று எளிய விகிதத்தில் இருப்பதால் காதுக்கு இதம். நடுவில் உரசிக்கொண்டாலும் பரவாயில்லை.

சரி, மூவரும் பிசகாமல் எப்படிச் சேர்ந்தார்கள்? அன்றைய இசைக்குறிகள் சுவரம் எது என்று காட்டின. எவ்வளவு நேரம் என்று காட்டவில்லை. பாரிஸ்காரர்கள் புதுக்குறி எதையும் உருவாக்கவில்லை. பழைய குறிகளைச் சேர்த்து எழுதும் விதத்திலேயே தாளத்தை ஒளித்துவைத்தார்கள். மூன்று சுவரங்கள் ஒரு கொத்து, அப்புறம் இரண்டிரண்டாக என்று கண்டால், நெடில்-குறில்-நெடில், குறில்-நெடில், குறில்-நெடில் என்று பாட வேண்டும். நெடிலுக்கு இரண்டு பங்கு நேரம், குறிலுக்கு ஒன்று. அதே இரண்டிரண்டு முதலில் வந்து மூன்று கடைசியில் வந்தால், குறில்-நெடில் என்று நடை தலைகீழாகிவிடும். இப்படி மொத்தம் ஆறு நடைகள். கொத்துகளைப் பார்த்த உடனே பாடகருக்கு நடை பிடிபட்டுவிடும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான்.

ஆனால் ஒரு சிக்கல். ஒரு கொத்தை ஒரே எழுத்தில்தான் பாட முடியும். 'வி' நீண்டுகொண்டே போனவரை தொல்லை இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் மேல்குரல்களுக்கும் சொற்களைச் சேர்த்துப் பாடத் தொடங்கியபோது, அசைக்கு ஒரு சுவரம் என்றாகி, கொத்துகள் சிதறின. நடையைச் சொல்ல ஆளில்லை. 1280 வாக்கில் கொலோன் நகரத்து பிராங்கோ என்ற இசையறிஞர், ஒவ்வொரு குறியின் வடிவமே அதன் கால அளவைச் சொல்லும்படி விதிகளை வகுத்தார்.