நரம்பறிவியலில் பிஎச்.டி.: விண்ணப்பிக்கும் முன்

மூளை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். வருடா வருடம் பிஎச்.டி. சேர்க்கை நேர்காணலிலும் உட்காருகிறேன். நவம்பர் பிறந்தால் ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "பொண்ணு எம்.எஸ்சி. முடிக்கப்போறா. அமெரிக்காவுல மூளை ஆராய்ச்சி பண்ணணுமாம். எவ்வளவு லோன் போடணும் சார்?"

லோன் போட வேண்டாம். அங்கே நரம்பறிவியல் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் அவர்களே உதவித்தொகை தருகிறார்கள். இங்கே இந்தியாவில் ஜேஆர்எஃப் என்ற அரசு ஆய்வு உதவித்தொகை வாங்கியவர்களுக்கு முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதற்கப்புறம் 42,000. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு இடம் பிடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

ஏன் இந்த ஆராய்ச்சிக்கு வர விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதும் நோக்க அறிக்கையை இந்த ஏஜென்சிகளே எழுதித் தருவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 'சிறு வயது முதலே மூளையின் மர்மம் என்னைக் கவர்ந்தது' என்று ஒரே வருடத்தில் பல பேர் ஆரம்பிக்கிறார்கள். அதில் அந்தப் பிள்ளையின் குரலே இல்லை. நீங்கள் செய்த பிராஜெக்டை எழுதுங்கள். என்ன கேள்வி, எப்படிச் சோதித்தீர்கள், எங்கே சொதப்பியது, அப்புறம் என்ன மாற்றினீர்கள். ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை.

விருதுநகர் பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் நேர்காணலுக்கு வந்திருந்தாள். நியூரானுக்கு, அதாவது நரம்பு செல்லுக்கு, வெளியே இருக்கும் பொட்டாசியத்தை இரண்டு மடங்காக்கினால் என்ன ஆகும் என்று கேட்டோம். "தெரியலை சார், யோசிச்சுப் பார்க்கலாமா?" என்று சாக்பீஸை எடுத்தாள். செல்லின் சவ்வை வரைந்து, உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே குறைவு என்று குறித்தாள். வெளியே கூடினால் உள்ளிருந்து கசிவது குறையும். அப்படியானால் உட்புறம் இப்போதைய அளவுக்கு எதிர்மின்னழுத்தத்தில் இருக்காது. நியூரான் சீக்கிரம் தூண்டப்படும். ஐந்து நிமிடத்தில் அவளாகவே விடைக்கு வந்துவிட்டாள். மனப்பாடமாக ஒப்பித்திருந்தால் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டோம்.

பரிந்துரைக் கடிதம் துறைத் தலைவரிடம்தான் வாங்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். 'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி' என்ற இரண்டு வரியை வைத்து எங்களால் எதுவும் முடிவு செய்ய முடியாது. எலியின் மூளையை 30 மைக்ரான் தடிமனில் சீவும்போது கிழிந்துகொண்டே இருந்தது, வெட்டும் கருவியின் குளிரைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து மூன்றாவது வாரத்தில் சரிசெய்தார் என்று பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுதினால், அது பேசும். அந்த மாதிரி ஒருவர் கிடைக்க, முன்கூட்டியே ஏதாவது ஒரு லேபில் கைவைத்திருக்க வேண்டும். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடைகாலப் பயிற்சி நல்ல வழி.

உயிரியல் படித்தவர்களுக்கு மட்டும்தான் என்றும் ஒதுங்காதீர்கள். இயற்பியல், பொறியியல், உளவியல் படித்தவர்களும் வருகிறார்கள்; நியூரான்களின் மின்பதிவை அலசக் கணக்கும் புரோகிராமிங்கும் தெரிந்த ஆள் வேண்டும்.

அமெரிக்காவுக்குப் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்தில் கடைசித் தேதி. ஜனவரி, பிப்ரவரியில் நேர்காணல். இடம் கிடைத்தால் ஏப்ரல் 15க்குள் பதில் சொல்ல வேண்டும். விண்ணப்பக் கட்டணம் முடியாதவர்கள் விலக்கு கேட்டு எழுதலாம், பல இடங்களில் தருவார்கள்.

இடம் உறுதியானதும் சந்தோஷத்தில் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். அந்த லேபில் இப்போது படிக்கும் இரண்டு பேரிடம், கைடு இல்லாத நேரத்தில் பேசுங்கள். போன சீனியர் எத்தனை வருடத்தில் முடித்தார், பாதியில் யாராவது விட்டுப் போனார்களா, ஏன் என்று கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லத் தயங்கினால், இன்னொருவரிடமும் கேளுங்கள்.