சைக்கோவும் கரவும்

தேவகோட்டையில் ஒரு கல்யாணத்துக்குக் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்த மதியம், இரண்டாங்கட்டில் பிள்ளைகள் 'சைக்கோ த்ரில்லர்' என்று சொல்லும் ஒரு கொலைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகலில் ஊர் மெச்சும் முதலாளி, இரவில் கொலைகாரன். "அவன் ஒரு சைக்கோ, அப்பத்தா" என்றான் பேரன். "கிறுக்கனா?" "ஆமாம்." கொஞ்ச நேரம் திரையையே பார்த்திருந்துவிட்டு அப்பத்தா சொன்னார்: "கிறுக்கன் பேரேடு எழுதி வட்டிக்கணக்குப் பார்ப்பானா? இவனுக்குப் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது."

சைக்கோ என்ற சொல்லின் கோளாறு முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

சொல்லின் வேர் கிரேக்க மொழியின் 'ப்சூகே'. முதலில் மூச்சு, அதிலிருந்து உயிர், ஆன்மா. வண்ணத்துப்பூச்சிக்கும் அதுவே பெயர். தமிழும் இதே வழியில்தான் போயிருக்கிறது: உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல், பெருமூச்சுக்கு நெட்டுயிர்ப்பு என்று பெயர். ஆகவே ப்சூகேவுக்கு நேர்ச்சொல் தேடி அலைய வேண்டாம், உயிர்தான். உயிரெடுப்பவனுக்குப் போய் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது சொல்லின் தலையெழுத்து.

ஆங்கிலத்தில் சைக்கோடிக், சைக்கோபாத் என்று இரண்டு சொற்கள் உண்டு. இரண்டையும் நறுக்கினால் மிஞ்சுவது சைக்கோ. 1960இல் ஹிட்ச்காக் எடுத்த படம் அந்த நறுக்கை உலகெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. முதல் சொல், இல்லாத குரல் கேட்டு, இல்லாததைக் கண்டு தவிக்கும் நோயாளியைக் குறிப்பது. அவருக்கு வேண்டியது மருத்துவர். இரண்டாவது, எல்லாம் தெரிந்தே செய்பவன். இரக்கமும் குற்றவுணர்ச்சியும் அவனிடம் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ஹார்வி கிளெக்லி 1941இல் இத்தகையவர்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே 'முகமூடி' இருக்கிறது. இவர்கள் எல்லாரும் கொலைகாரர்களும் அல்லர். நம் செய்தித்தாள்கள் 'சைக்கோ கொலையாளி' என்று எழுதும்போது, பழி போய் விழுவது நோயாளியின் தலையில்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'உளப்பிறழ்வாளன்' என்றால் மறுபடியும் நோய்தான் முன்னால் நிற்கிறது. 'இரட்டை வேடம்' என்றால் ஒரே நடிகர் அண்ணனும் தம்பியுமாக வருவது நினைவுக்கு வரும். 'இரட்டை வாழ்க்கை'யும் எனக்கு ஒப்பவில்லை. எங்கள் ஊர் வீடுகளில் முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். அதனால் அது இரண்டு வீடாகிவிடாது. இவனும் ஒரே வாழ்க்கைதான் வாழ்கிறான். முகப்புக்கு வருகிறவர்களைப் பின்கட்டுப் பக்கம் விடுவதில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பழைய சொல் இருக்கிறது: கரவு. கரத்தல் என்றால் மறைத்தல். அரசர் மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, சிவனடியார் கோலத்தில் அரண்மனைக்குள் நுழைந்தான். அவன் கையில் இருந்ததை 'படை கரந்த புத்தகக் கவளி' என்கிறது பெரியபுராணம். சுவடிக் கட்டுக்குள் கத்தி. அடுத்த வரியில் அவனே 'மைபொதி விளக்கு': வெளியே சுடர், உள்ளே கரி. சேக்கிழார் அவனைப் பித்தன் என்று சொல்லவில்லை; 'பொய்தவ வேடம்' என்றுதான் சொன்னார். ஆகவே கரவு வாழ்க்கை, கரவுக் கொலையாளி என்று எழுதலாம். பலரைக் கொன்றவனென்றால் 'தொடர் கொலையாளி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

மிச்சம் இருப்பது த்ரில்லர். பழைய ஆங்கிலத்தில் அதன் வேருக்குத் துளைத்தல் என்று பொருள். மூக்குத் துளைக்கான ஆங்கிலச் சொல்லான 'நாஸ்ட்ரில்' என்பதிலும் அதே வேர் ஒளிந்திருக்கிறது. 'திகில்' பேய்ப் படத்துக்குப் போய்விட்டது. 'துளைப்படம்' என்று எழுதினால் பேரன் சிரிப்பான். த்ரில்லர் த்ரில்லராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.