எத்தனை கிலோமீட்டர் தெரியும் என்று கேட்காதீர்கள்

ரிப்பேருக்கு வருகிற பைனாகுலர்களில் பாதிக்கு ரிப்பேரே இல்லை. 'சார், படம் ஆடிக்கிட்டே இருக்கு, உள்ளே ஏதோ கழன்றிருக்கும் போல' என்று ஒரு 20×50-ஐ நீட்டுவார்கள். அதை டிரைபாடில் மாட்டி எதிர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினால், அதன்மேல் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயர் கல்லில் வெட்டினாற்போல நிற்கும். ஆடியது லென்ஸ் இல்லை, கை. போன வாரமும் ஒருவர் வந்தார். பள்ளிக்கரணைக்குப் போய் அங்கே நிற்பது சாம்பல் நாரையா செந்நாரையா என்றுகூடச் சொல்ல முடியவில்லையாம், மாற்றிக் கொடுங்கள் என்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாக் கோளாறும் ஒரே கேள்வியில் தொடங்குகிறது: 'இது எத்தனை கிலோமீட்டர் தெரியும்?' ஐயா, நிலா சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. பைனாகுலருக்குத் தூர எல்லை என்று ஒன்று கிடையாது. 20×50 என்பதில் முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 100 மீட்டரில் இருக்கும் பறவை 10 மடங்கில் 10 மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும், 20 மடங்கில் 5 மீட்டரில். சரி, அப்போது 20 தானே நல்லது? இல்லை! பறவையோடு சேர்ந்து உங்கள் கைநடுக்கமும் 20 மடங்காகிறது. எனக்குக் கை நடுங்காது என்று சொல்லாத ஆளே இல்லை. மூச்சு விடுகிறீர்கள், இதயம் துடிக்கிறது, அது போதும். கையில் பிடித்த 8 மடங்கில் பறவையின் அலகு நிறம் வரை தெரியும். கையில் பிடித்த 20 மடங்கில் ஏதோ ஒரு பறவை இருக்கிறது என்பது தெரியும், அவ்வளவுதான்.

இன்னொன்று, மடங்கு ஏற ஏறப் பார்வைப் பரப்பு குறுகும். 1000 மீட்டர் தூரத்தில் ஒரு நல்ல 8×42 சுமார் 130 மீட்டர் அகலத்தைக் காட்டுமென்றால், 15×56 காட்டுவது 75 மீட்டர் அளவுதான். பறந்து போகிறதை அதற்குள் பிடித்துப் பாருங்கள், தெரியும். வெளிச்சமும் குறையும்: 50-ஐ 20-ஆல் வகுத்தால் 2.5 மி.மீ., கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றை அவ்வளவுதான். விடியற்காலையில் உங்கள் கண்பாவை அதைப்போல இரண்டு மடங்கு விரிந்து காத்திருக்கும். 8×42-இல் அந்தக் கற்றை 5.25 மி.மீ.

'அமெரிக்க வேட்டைக்காரர்கள் 15, 18 எல்லாம் வைத்திருக்கிறார்களே, யூடியூபில் பார்த்தேனே' என்பார்கள். நன்றாகப் பாருங்கள், அவர்கள் அதைக் கையில் பிடிப்பதில்லை. தெற்கு அரிசோனாவின் வறண்ட மலைகளில் கூஸ் மான் என்று ஒரு சாம்பல் நிற மான் உண்டு, கிடாவே 45 கிலோவைத் தாண்டுவது அரிது. அதைத் தேடுகிறவர் 15×56-ஐ டிரைபாடில் பூட்டிவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்து எதிர்ச்சரிவைப் பட்டை பட்டையாக மணிக்கணக்கில் துழாவுவார். காட்டிக்கொடுப்பது முழு மான் இல்லை, ஒரு காது அசைவு. படமே அசைந்துகொண்டிருந்தால் காது அசைந்தது எப்படித் தெரியும்? நடக்கும்போது மார்பில் தொங்குவது வேறு, அது பெரும்பாலும் 10×42. துப்பாக்கி ஸ்கோப்பால் 'அங்கே அசைவது என்ன' என்று பார்க்காதே, குழலும் அங்கேதான் நீள்கிறது என்று அவர்களுடைய பாதுகாப்பு வகுப்புகளில் திட்டாத குறையாகச் சொல்வார்கள். நம் ஊரில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு இடமில்லை, ஆனால் முதுமலையில் மான் பார்க்கிறவருக்கும் உத்தி இதேதான்.

ஆகவே கையில் பிடிக்க 8×42, மிஞ்சிப் போனால் 10×42. அதற்கு மேல் ஆசைப்பட்டால் டிரைபாடுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். பைனாகுலர் நடுக்கீலின் முன்னால் ஒரு சின்ன மூடி இருக்கும், திருகினால் உள்ளே மரை. வாங்கி வருஷக்கணக்காகியும் அதைத் திறந்தே பார்க்காதவர்கள் ஏராளம். எல் வடிவ அடாப்டர் ஒன்றை அதில் பூட்டினால் டிரைபாடில் நிற்கும். சில மாடல்களில் மரையே இருக்காது, வாங்கும் முன் பாருங்கள். டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், உட்கார்ந்து பாருங்கள். டிரைபாடே இல்லையா? முழங்கைகளை முழங்கால்மேல் ஊன்றுங்கள், முதுகை மரத்தில் சாயுங்கள், தொப்பி விளிம்பையும் குழாயையும் சேர்த்துப் பிடியுங்கள். ஜீப்பிலிருந்து பார்ப்பதானால் ஜன்னலில் ஒரு அரிசிப் பையை வைத்து அதன்மேல் ஊன்றலாம், ஆனால் தயவுசெய்து எஞ்சினை அணையுங்கள். ஆட்டத்தைத் தானே அடக்கும் பைனாகுலர்கள் உண்டு. நல்லவைதான், விலை கூட, பேட்டரி வேண்டும். உச்சி வெயிலில் கானல் அலையும்போது இவை எதுவும் உதவாது, அலைதான் பெரிதாகத் தெரியும்.

ஆன்லைனில் '180×100, சட்டைப் பைக்குள் அடங்கும்' என்று பார்த்தால் ஸ்கேலை எடுங்கள். 100 என்றால் ஒவ்வொரு முன் லென்ஸும் 10 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும், அது எந்தச் சட்டைப் பைக்குள் போகும்?

உண்மையான ரிப்பேர் என்பது கீழே விழுந்து உள்ளே இருக்கும் ப்ரிஸம் கண்ணாடி நகர்ந்தது. இரண்டு படம் தெரியும், அல்லது மூளை இழுத்து ஒன்றாக்கிவிட்டுத் தலைவலியைக் கொடுக்கும். 'பழகிடும்' என்று விடாதீர்கள், கொண்டுவாருங்கள். ஆனால் வீட்டில் ஸ்க்ரூடிரைவரால் திருகிப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தால் கூலி இரட்டிப்பு, இப்போதே சொல்லிவிட்டேன்.