அம்மை இறங்கியது என்றார்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் மருந்தாளுநராக இருக்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலை வந்த போன்: "அக்கா, அம்மை இறங்கிடுச்சு. நிறுத்தின மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கவா?"

அவருக்கு எச்.ஐ.வி. சர்க்கரையால் சிறுநீரகம் பழுதானதால், இங்கே பெரும்பாலோருக்குக் கொடுக்கும் டெனோபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து ஒத்துவராது. வேறோர் இடத்தில் அதற்குப் பதிலாக அபாகவிர் என்ற இன்னொரு எச்.ஐ.வி. மருந்தை எழுதியிருந்தார்கள். பத்தாம் நாள் காய்ச்சல், வாந்தி, உடம்பெல்லாம் சிவந்த தடிப்பு. அவர் அம்மா வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். அம்மை போட்டிருக்கும்போது மருந்து கூடாதே, மாத்திரையும் நின்றது. நாலு நாளில் எல்லாம் அடங்கி, தலைக்குத் தண்ணீரும் ஊற்றியாயிற்று.

"தொடாதீங்க!" என்று போனிலேயே கத்திவிட்டேன்.

அது அபாகவிர் ஒவ்வாமை. எச்.எல்.ஏ.-பி 57:01 என்ற மரபணு வகை உள்ளவர்களின் செல்களில் ஒரு புரதத்தின் குழிவுக்குள் இந்த மருந்து போய் உட்கார்ந்துகொள்ளும். நோய் எதிர்ப்பு அணுக்கள் சொந்த செல்லையே அந்நியம் என்று தாக்கும். பெரும்பாலும் முதல் 6 வாரத்துக்குள் வரும், வேளைக்கு வேளை கூடும், நிறுத்தினால் அடங்கும். அடங்கியதை நம்பி மறுபடி போட்டால் சில மணி நேரத்தில் இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். அன்று வேப்பிலைதான் அவரைக் காப்பாற்றியது, கிட்டத்தட்ட கொல்லவும் பார்த்தது. தடிப்பு வந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பொறுத்துப் பார்க்கவும் வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

இதைத் தடுக்க, அந்த மரபணு வகை இருக்கிறதா என்று பார்க்கும் ஒரே ஒரு இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் போதும். 2008-இல் வெளியான, 1,956 பேர் கலந்துகொண்ட ஆய்வில், முன்பே சோதித்துக் கொடுத்த பிரிவில் மருந்தைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனையில் உறுதியான ஒவ்வாமை ஒருவருக்கும் இல்லை. சோதிக்காத பிரிவில் 2.7 சதவீதம். மரபணு இருப்பவர்களில் பாதிப் பேருக்குத்தான் ஒவ்வாமை வரும். எந்தப் பாதி என்று யாருக்குத் தெரியும்? ஆகவே ஒருவருக்கும் கொடுப்பதில்லை. மரபணு இல்லை என்று வந்தாலும் முதல் வாரங்களில் கவனம் வேண்டும்.

இந்நாட்டுக் கறுப்பின மக்களிடம் இந்த மரபணு வகை மிக அரிது. அதனால் அரசு கிளினிக்கில் வழக்கமாகப் பார்ப்பதில்லை, அதில் நியாயமும் உண்டு. ஆனால் 1860-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் வம்சத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. தெற்காசியர்களிடம் இந்த மரபணு கணிசமாக இருக்கிறது. "இங்கே அரிது" என்று சொன்னால், "யாருக்கு அரிது, டாக்டர்?" என்று கேளுங்கள்.

அவருக்குப் பரிசோதனையில் 57:01 இருந்தது. மருந்தை மாற்றினார்கள். எந்தக் கலவையிலும் அபாகவிர் கூடாது என்று சிவப்பு மையில் ஒரு அட்டை எழுதிக் கொடுத்தேன். சாமி படத்தடியில் வைக்கிறேன் என்றார் அம்மா. வேண்டாம்மா, அவர் பர்ஸிலேயே இருக்கட்டும் என்றேன்.